மூன்று விரல் பிரவுன்

கிரிக்கெட்டில் பந்து வீசுபவரை நாம் அறிவோம். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்குப் 'பிட்சர்' என்று பெயர். பந்து தரையில் படாமல் நேரே மட்டையாளரிடம் செல்ல வேண்டும். ஆகவே, விரல்களால் அதைச் சுழற்றிக் காற்றிலேயே வளையச் செய்வதுதான் பிட்சரின் திறமை.

ஆனால், புகழ்பெற்ற பிட்சரான மார்டெகாய் பிரவுனுக்கு வலக்கையில் ஆள்காட்டி விரலே இல்லை! 1876இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்த அவர், சிறுவயதில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் அவ்விரலை இழந்தார். பின்னர் கீழே விழுந்ததில் மற்ற விரல்களும் முறிந்து கோணலாயின. வளர்ந்தபின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார், பந்தெறியவும் பழகினார். அக்கோணல் விரல்களிலிருந்து புறப்பட்ட பந்து விந்தையாகச் சுழன்று, மட்டையாளர் அருகே சட்டென்று தாழ்ந்தது. 1907, 1908 ஆகிய ஈராண்டும் சிகாகோ கப்ஸ் அணி உலகத் தொடரை வெல்ல அவர் துணைநின்றார். மொத்தம் 239 வெற்றிகள் கண்டார். 1948இல் மறைந்தார், மறு ஆண்டே பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

கோணல் விரல் மட்டும் அவரை வீரராக்கவில்லை. எறிந்து எறிந்து பழகிய பொறுமையே ஆக்கியது. இல்லாததை எண்ணி ஏங்கும் வேளையில், இறைவன் தந்திருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று நாமும் எண்ணிப் பார்ப்போமா?