சாரா டி.: ஒரு பதின்வயதுக் குடிநோயாளியின் கதை

பதின்வயதினரின் குடிநோயை அமெரிக்க வீடுகளுக்குள் பேசுபொருளாகக் கொண்டுசென்ற தொலைக்காட்சிப் படம் ‘சாரா டி.’. என்.பி.சி. நிறுவனம் 1975 பிப்ரவரி 11 அன்று இதை ஒளிபரப்பியது. ரிச்சர்ட் டோனர் இயக்கினார். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் நடித்துப் புகழ்பெற்ற லிண்டா பிளேர் சாராவாக நடித்தார்.

சாராவுக்கு வயது 14. பெற்றோர் பிரிந்துவிட்டனர், தாய் மறுமணம் செய்துகொண்டார், ஊரும் பள்ளியும் புதியவை. தனிமையை மறக்கக் குடிக்கத் தொடங்கும் சிறுமி, பிறகு அதை மறைக்கப் பொய் சொல்கிறாள். மார்க் ஹாமில் நடித்த கென் என்ற இளைஞன் அவளுக்குத் துணை நிற்கிறான். ஆனாலும் அவளால் குடியை விட முடியவில்லை.

தலைப்பில் குடும்பப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருப்பதற்கும் பொருள் உண்டு. குடியிலிருந்து மீள முயல்வோரின் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பினர் தங்கள் அடையாளத்தை வெளியிடாமல் இருக்கக் கையாளும் வழக்கம் அது.

படம் சொல்வது இதுதான்: குடிநோய் ஒழுக்கக்கேடு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய். அது சிறுவயதிலும் வரும். தனக்கு உதவி தேவை என்று சாரா உணர்ந்து கேட்பதில்தான் மீட்சி தொடங்குகிறது.