ஓசிப் பொட்டியும் 276 யூரோவும்

ரொம்ப நாளா டிராஃப்டுல தூங்கிட்டிருந்த பதிவு இது. தீசிஸ் எழுத உட்கார்ந்தா மட்டும்தான் எனக்கு மத்ததெல்லாம் எழுதத் தோணுது :-)

நான் இருக்கிறது கெம்னிட்ஸ். ஜெர்மனியோட கிழக்குல, செக் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். 2023 நவம்பர்ல, வந்த புதுசு. ரெண்டு தெரு தள்ளி ஒரு தாத்தா "இலவசம், எடுத்துட்டுப் போறவங்க எடுத்துக்கலாம்"னு விளம்பரம் கொடுத்திருந்தார். பழைய டவர் பொட்டி ஒண்ணு. இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600, 4 ஜிபி ராம், காத்தாடி மாதிரி சத்தம் போடுற கிராஃபிக்ஸ் கார்டு. 2007ல இந்த க்யூ6600 கனவுப் பொருள். பள்ளிக்கூட வயசுல பிரவுசிங் சென்டர்ல பத்திரிகையில பாத்து ஏங்கின சாமான் ஓசியில வருதுன்னா விடுவோமா? பனியில டிராமுல வச்சு, மூணு மாடி தூக்கிட்டு வந்து சேர்த்தேன்.

தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்தி, செத்துப்போன சிமாஸ் பேட்டரிக்குப் பதிலா புதுசு போட்டு, டெபியன் லினக்ஸை ஏத்தினேன். மதர்போர்டுல கெப்பாசிட்டர் எதுவும் தலை உப்பியிருக்கான்னு பாத்துக்கிட்டேன். 2000களோட ஆரம்பத்துல வந்த போர்டுகள்ல அந்த வியாதி அதிகம். இது தப்பிச்ச கேஸ். அன்னிக்கு ராத்திரியே வீட்டு சர்வர் ரெடி. சாம்பா, விளம்பரத் தடுப்புக்கு பை-ஹோல், நாலஞ்சு படம். அறைத்தோழர்கள் ரெண்டு பேரும் கைதட்டினாங்க.

விளையாட்டு வேலையானது 2024 ஏப்ரல்ல, ஊருக்குப் போயிட்டு வந்தப்ப. எங்கப்பா கோவில்பட்டியில ஸ்டுடியோ வச்சிருந்தவர். 2004ல ஃபிலிம்லேர்ந்து டிஜிட்டலுக்கு மாறி, 2017ல கடையை மூடிட்டார். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சுன்னு 13 வருஷம் எடுத்த படமெல்லாம் ரெண்டு ஹார்டுடிஸ்க்குல கிடந்தது. 160 ஜிபி ஐடிஇ ஒண்ணு, 500 ஜிபி சாட்டா ஒண்ணு. செய்தித்தாள்ல சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு கையில கொடுத்தார். "பாத்து வைடா தம்பி, யாராச்சும் எப்பவாச்சும் கேப்பாக"ன்னார்.

நம்ம பொட்டியில ஐடிஇ சாக்கெட் ஒண்ணு இருந்தது வசதியாப் போச்சு. பத்து யூரோவுக்கு ஒரு பழைய 1 டிபி டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் அதுல காப்பி போட்டேன். கடமை முடிஞ்சதுன்னு நெனச்சேன். (இந்த பத்து யூரோவை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.)

2025 ஜனவரியில வருஷக் கணக்குக் கரண்ட் பில் வந்தது. மூணு பேரும் கட்டின முன்பணம் பத்தாது, இன்னும் கட்டுங்கன்னு. ஹீட்டர்தான் காரணம்னு ஒருத்தன், என்னோட இட்லி குக்கர்தான்னு இன்னொருத்தன். மூலையில பச்சை லைட்டோட ஒண்ணு உறுமிட்டிருந்ததை யாரும் பாக்கலை, நான் உட்பட.

எங்க பல்கலைக்கழகத்துல வருஷா வருஷம் மார்ச்ல லினக்ஸ் நாட்கள்னு ஒரு திருவிழா நடக்கும். 1999லேர்ந்து நடக்குது. அங்கே ஒரு வெள்ளைத் தாடிப் பெரியவர்கிட்ட என் சர்வர் பெருமையை அளந்துவிட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை வாட்?" அவ்வ்வ்... தெரியலையே. நகர நூலகத்துல புத்தகம் மாதிரியே வாட்மீட்டரும் இரவல் கொடுப்பாங்கன்னு அவர்தான் சொன்னார்.

மாட்டிப் பாத்தேன். ஒரு வேலையும் செய்யாம சும்மா இருக்கும்போதே 90 வாட். ஒரு நாளைக்கு 2.16 யூனிட், வருஷத்துக்கு 788 யூனிட். எங்க ஒப்பந்தத்துல யூனிட்டுக்கு 35 சென்ட். ஆக 276 யூரோ. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமாக் கொடுத்த ஊர்லேர்ந்து வந்தவனுக்கு வாட் கணக்கு பாக்கத் தெரியாமப் போனதுல ஆச்சரியம் இல்லை. ரெண்டு பேர்கிட்டயும் ஒத்துக்கிட்டு, என் பங்கை அதிகமாக் கட்டினேன். ஒரு வாரம் பிரியாணியும் செஞ்சு போட்டேன்.

அப்புறம் வாங்கினதுதான் லெனோவோ எம்900 டைனி. நம்ம ஊர் இனிப்புப் பெட்டி சைஸ். ஆபீஸ்ல வாடகைக்கு ஓடி முடிச்சு வந்தது. ஐ5-6500டி, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 75 யூரோ. இந்த வகை ஏன் மலிவுன்னா, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியல் இன்டெல்ல எட்டாம் தலைமுறையிலேர்ந்துதான் ஆரம்பிக்குது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. ஆறாவது, ஏழாவது தலைமுறையை எல்லாம் ஆபீஸ்காரங்க கூட்டிப் பெருக்கித் தள்ளினாங்க. லினக்ஸுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. (ரொம்பப் பழசுக்கும் போயிடாதீங்க. 2025ல வந்த டெபியன் 13ல 32-பிட் பொட்டிகளுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.) வாங்கும்போது அடாப்டரும் சேர்த்துத் தர்றாங்களான்னு கேளுங்க. தனியா வாங்கினா தண்டச் செலவு. பயாஸ்ல பாஸ்வேர்டு இல்லையேன்னும் கேட்டுக்கோங்க.

மீட்டர் காட்டினது 9 வாட். சரியா பத்துல ஒண்ணு! வருஷத்துக்கு 28 யூரோகூட ஆகாது. பொட்டிக்குப் போட்ட காசு நாலு மாசத்துக்குள்ள திரும்பிடும்.

சந்தோஷமா படங்களைப் புதுப் பொட்டிக்கு மாத்த ஆரம்பிச்சேன். பாதியில டிஸ்க் 'டிக் டிக்'னுச்சு. அந்தப் பத்து யூரோ டிஸ்க். ஸ்மார்ட்சிடிஎல்னு ஒரு கட்டளை, டிஸ்க்கோட ஜாதகத்தையே காட்டும். வாங்கின அன்னிக்கே ஓட்டியிருக்கணும், இப்பதான் ஓட்டினேன். ஓடின நேரம் 51,000 மணி, அதாவது கிட்டத்தட்ட ஆறு வருஷம் நிக்காம. படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டர் 212. அதுவே பூஜ்யத்துக்கு மேல போனா தூக்கிப்போட வேண்டிய சங்கதி.

சரி, அசல் இருக்கேன்னு அப்பாவோட டிஸ்குகளுக்குத் திரும்பினேன். 500 ஜிபி ஒழுங்கா வந்துடுச்சு. 160 ஜிபி மக்கர். இனிப்புப் பெட்டியில ஐடிஇ ஏது? அதனால ஓய்வு கொடுத்த ஓசிப் பொட்டியை மறுபடி எழுப்பினேன். டிடிரெஸ்க்யூன்னு ஒரு மென்பொருள் இருக்கு. முதல்ல நல்லா இருக்கிற இடத்தையெல்லாம் வேகமாப் படிச்சுட்டு, கெட்ட இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, கடைசியில திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டும். நடுவுல நிறுத்தினாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். மூணு ராத்திரி ஓடுச்சு. நான் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கிட்டேன், என்னமோ ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கிற மாதிரி. கடைசியில 38 எம்பி மட்டும் வரலை. அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னதுக்கு, "38ன்னா எத்தனை படம்டா?"ன்னார். பதிமூணு பதினாலு இருக்கும்ப்பான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

அந்த வருஷம் ஆகஸ்ட்ல அப்பாவே கூப்பிட்டார். பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க வந்திருக்காங்க. "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பால்காய்ச்சுக்கு நீங்கதான படம் எடுத்தீக? அவுக படம் ஒண்ணு நல்லதா இருந்தாக் குடுங்க"ன்னு. வீட்டுக்காரர் இறந்து பத்து நாள். மாலை போட்டு வைக்க வீட்டுல ஆதார் அட்டைப் படம் மட்டும்தான் இருக்காம்.

சர்வர்ல இம்மிச்னு ஒரு இலவச மென்பொருள் போட்டிருந்தேன். வெளியே எங்கேயும் அனுப்பாம, நம்ம பொட்டியிலயே முகங்களை அடையாளம் கண்டு கூட்டும். வாட்ஸப்ல வந்த அந்த ஆதார் படத்தை ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல பதினோரு படம் வந்து நின்னுச்சு. அவர் தனியா, வெள்ளை வேட்டியில வாசல்ல நிக்கிற படம்தான் அருமையா இருந்திருக்கணும். நெத்தி வரைக்கும் தெளிவு, கீழே முழுக்கச் சாம்பல். ஜேபெக் படத்துல நடுவுல கொஞ்சம் போச்சுன்னா மிச்சமும் கெட்டுப்போகும். வராத 38ல இது ஒண்ணு.

குடும்பத்தோட நிக்கிற படத்துல சிரிச்ச முகமா இருந்தார். அதுலேர்ந்து வெட்டி அனுப்பினேன். அப்பா அதைப் பெருசாக்கி, பின்னணியை அவரே சரி பண்ணி, பிரேம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கலை. சாம்பல் படத்தைப் பத்தி அந்த அக்காகிட்ட சொல்லலைன்னார்.

மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்லங்கிற 3-2-1 விதியைப் பரப்பினவர் பீட்டர் க்ரோங்கிற புகைப்படக்காரர். போட்டோகிராஃபர் பிள்ளைக்கு இது லேட்டாத்தான் தெரிஞ்சது. இப்ப டைனிக்குள்ள புது எஸ்எஸ்டி ஒண்ணு (என்ன பழசு வேணா வாங்குங்க, டிஸ்க் மட்டும் புதுசா வாங்குங்க), வாரம் ஒரு தடவை மாட்டிக் கழட்டுற யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு. மூணாவது கோவில்பட்டி பீரோவுக்கு, அடுத்த தடவை போறப்ப.

பாதி ஃபோல்டருக்கு மேல பேர் 'நியூ ஃபோல்டர் (7)' மாதிரிதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வீடியோ காலை போட்டு ஸ்கிரீனைக் காட்டினா, அப்பா பாத்துச் சொல்லுவார், "இது சாத்தூர் பார்ட்டி, மழையில பந்தல் விழுந்துச்சே." நான் டைப் பண்ணுவேன். 214ல இதுவரைக்கும் 61 முடிஞ்சிருக்கு.