பெயர் சொல்லாத அழைப்பு

ஆகஸ்ட் கடைசி வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்கள் வந்து இறங்குகிற நேரம். வளாகத்துப் புல்வெளியில் மேசை போட்டு மாணவர் சங்கங்கள் ஆள் சேர்க்கும். கிறிஸ்தவ ஊழியங்களின் மேசைகளும் அங்கே இருக்கும். 1933இல் தொடங்கிய நேவிகேட்டர்ஸ், 1941 முதல் அமெரிக்காவில் இயங்கும் இன்டர்வர்சிட்டி, 1951இல் லாஸ் ஏஞ்சலீஸில் பில் பிரைட் தொடங்கி 2011இல் 'குரூ' என்று பெயர் மாறிய கேம்பஸ் குருசேட், கத்தோலிக்க மாணவர்களுக்கான நியூமன் மையங்கள் எனப் பட்டியல் நீளம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளையை விமான நிலையத்திலிருந்து காரில் கூட்டி வருவதும், கட்டில், மெத்தை, சமையல் பாத்திரம் வரை இலவசமாகக் கொடுப்பதும் பல ஊர்களில் இத்தகைய ஊழியர்களும் உள்ளூர்ச் சபைகளும்தான். அந்த உதவி உண்மையானது. அதை வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

அதே வாரங்களில் அதே புல்வெளியில் வேறு வகைக் குழுக்களும் வேலை செய்கின்றன. அவர்களும் பைபிளைத்தான் திறக்கிறார்கள், அவர்களும் சாப்பாடு போடுகிறார்கள். முதல் சந்திப்பில் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். அது எப்போது, எதில் தெரியும் என்பதற்கு நன்றாகப் பதிவான வரலாறு ஒன்று இருக்கிறது.

1972இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிப் மெக்கீன் என்ற இளைஞர், கெய்ன்ஸ்வில் ஊரில் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் பிரிவைச் சேர்ந்த ஒரு சபையின் மாணவர் ஊழியம் வழியாக ஞானஸ்நானம் பெற்றார். 1979இல் பாஸ்டனை அடுத்த லெக்சிங்டனில் இருந்த சிறிய சபைக்குப் பொறுப்பேற்றபோது அவரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய முப்பது பேர். பத்து வருடத்துக்குள் அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்குக் கூடைப்பந்து ஆட்டம் நடந்துவந்த பாஸ்டன் கார்டன் அரங்கையே வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 'பாஸ்டன் இயக்கம்' என்று பேர் வாங்கி, பின்னால் 'இன்டர்நேஷனல் சர்ச்சஸ் ஆஃப் கிரைஸ்ட்' ஆன அந்த அமைப்பு உலக நகரங்கள் பலவற்றில் கிளைவிட்டது. அது வளர்ந்த நிலம் கல்லூரி விடுதிகள்.

அந்த இயக்கத்தை விட்டு வந்தவர்கள் சொன்னதும் எழுதியதும் ஊருக்கு ஊர் ஒத்துப்போகின்றன. முதலில் ஒரு நட்பான அழைப்பு: 'பைபிள் டாக்' என்ற சின்னக் கூட்டம், பத்துப் பேர், பீட்சா. அடுத்து ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து படிக்கும் வேதபாடத் தொடர். அதன் நடுவில் ஒரு பாடத்தில் மாணவர் தன் பாவங்களை ஒன்றுவிடாமல் தாளில் எழுத வேண்டும். அந்தரங்க உறவுகள், வீட்டில் சொல்லாத விஷயங்கள், எல்லாமே. கேட்பவர் நேற்று அறிமுகமான சக மாணவர். பலருடைய வாக்குமூலங்கள் மேல்மட்டத் தலைவர்கள் வரை போயின என்று விலகி வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். தொடர் முடிந்ததும் ஞானஸ்நானம். ஏற்கெனவே வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானம் பெரும்பாலும் செல்லாது. அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் மேலே 'சீடத்துவ'ப் பொறுப்பாளர் ஒருவர். யாரோடு பழகலாம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாமா, வாரத்துக்கு எத்தனை பேரை அழைத்தாய், காணிக்கை எவ்வளவு கொடுத்தாய் என்றெல்லாம் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவருக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது கர்த்தருக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதாகவே பார்க்கப்பட்டது. இயக்கத்தை விட்டுப் போகிறவர் இரட்சிப்பையே இழக்கிறார் என்று போதித்தார்கள்.

பதினெட்டு வயதில், ஊரை விட்டு வந்த முதல் மாதத்தில், இதைத் தாங்கிக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் குறைவு. புது ஊரில் மாணவருக்குப் பேச ஆள் இல்லை. அந்த இடத்தை ஒரு குழு முழுவதுமாக நிரப்பிவிட்டால், குழுவை விடுவது என்றால் எல்லா நண்பர்களையும் ஒரே நாளில் இழப்பது என்றாகிவிடுகிறது. போதனை பிடிக்காமலே பலர் வருடக்கணக்கில் தங்கியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

சர்ச் ஆஃப் கிரைஸ்ட் மரபைச் சேர்ந்த ஃபிளேவில் யீக்லி என்ற ஆய்வாளர் பாஸ்டன் சபையின் உறுப்பினர்கள் எண்ணூறு பேருக்கு மேல் ஆளுமைச் சோதனை நடத்தி, 1988இல் நூலாக வெளியிட்டார். சேருவதற்கு முன் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி, ஐந்து வருடம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்று மூன்று நிலைகளுக்கும் பதில் கேட்டார். விதவிதமாகத் தொடங்கியவர்கள் ஒரே வகை ஆளுமையை நோக்கி நகர்ந்திருந்தார்கள். அவர் பயன்படுத்திய மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை இன்றைய உளவியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. அதனால் இதைக் கடைசி நிரூபணமாக நான் வைக்கவில்லை. ஆனால் பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது வேறு ஆளாகத் தெரிந்தான் என்று பெற்றோர்கள் சொன்னதற்கு அருகே அந்த முடிவை வைத்துப் பார்க்கலாம்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் 1987இல் இந்தக் குழு வளாகத்துக்குள் ஆள் சேர்க்கத் தடை போட்டது. அதில் முன்நின்றவர் அங்குள்ள மார்ஷ் சேப்பலின் தலைவர் ராபர்ட் தார்ன்பர்க். அவர் மெதடிஸ்ட் போதகர். மதத்தை வெறுத்த ஒருவர் எழுப்பிய புகார் அல்ல இது; மாணவர்களுக்கு ஜெபம் பண்ணுவதையே வேலையாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவர், தன் வளாகத்தில் கண்டதை வைத்துச் செய்த காரியம். 2000ஆம் ஆண்டு வாக்கில் குறைந்தது 39 கல்வி நிறுவனங்கள் இந்த இயக்கத்துக்குத் தடை விதித்திருந்ததாக அமெரிக்க வார இதழ் ஒன்று எழுதியது.

இங்கே பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விவரம் ஒன்று உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வளவு சுதந்திரம் கிடையாது. மற்ற மாணவர் சங்கங்களுக்கு அறை கொடுக்கும் அரசுப் பல்கலைக்கழகம், மதக் குழு என்பதற்காக ஒன்றை மறுக்க முடியாது என்று 1981இல் விட்மர் எதிர் வின்சென்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கைச் சுதந்திரத்தைக் காக்கும் நல்ல தீர்ப்புதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் சங்கப் பட்டியலில் ஒரு குழுவின் பெயர் இருப்பதால், அதன் நடைமுறையை யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

மெக்கீன் 2002 நவம்பரில் பதவி விலகினார். அடுத்த வருடம் லண்டன் தலைவர்களில் ஒருவரான ஹென்றி கிரீட், உள்ளே நடக்கும் அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் பணம், எண்ணிக்கை வெறியையும் கண்டித்து எழுதிய நீண்ட கடிதம் சபை சபையாகப் பரவியது. பல நகரங்களில் தலைவர்கள் மேடையேறி மன்னிப்புக் கேட்டார்கள். மையக் கட்டுப்பாடு உடைந்தது. அந்தச் சபைகளில் பல அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மெக்கீனோ சில வருடங்களில் ஏறக்குறைய அதே பெயரில் 'இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் சர்ச்' என்ற புது அமைப்பைத் தொடங்கினார். அதுவும் வளாகங்களில் ஆள் சேர்க்கிறது. பாலியல் வன்கொடுமைகளை மூடிமறைத்ததாக 2022 கடைசியில் கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்குகளில் பழைய அமைப்பு, புதிய அமைப்பு இரண்டின் பெயரும் இருந்தது.

தென்கொரியாவில் இதைவிட மறைவான முறை. 1984இல் லீ மான்ஹீ தொடங்கிய ஷின்சொஞ்சி குழுவினர், ஆளுமைச் சோதனை, கருத்துக்கணிப்பு என்று மாணவர்களை அணுகி, மாதக்கணக்கில் பைபிள் வகுப்பு நடத்திய பிறகே தாங்கள் யார் என்று சொல்வார்கள். 2020 பிப்ரவரியில் தேகு நகரில் கொரோனா இந்தக் குழுவின் கூட்டங்கள் வழியே பரவியபோதுதான் அந்தப் பெயர் உலகுக்குத் தெரிந்தது. விளையாட்டு, மாடலிங் குழுக்கள் வழியாகக் கல்லூரிப் பெண்களை ஈர்த்த ஜே.எம்.எஸ். குழுவின் தலைவர் ஜங் மியுங்சொக், பாலியல் வன்முறைக்காகப் பத்து வருடம் சிறையில் இருந்து 2018இல் வெளிவந்தார். அதன்பின் செய்த குற்றங்களுக்காக மறுபடி தண்டிக்கப்பட்டார். கொரியாவுக்கு ஆராய்ச்சி உதவித்தொகையில் போகும் தமிழ் மாணவர்கள் இந்த இரண்டு பெயர்களையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு குழு அழைக்கும்போது அதன் உபதேசத்தை அலசுவதைவிட அதன் நடைமுறையைப் பார்ப்பது பயன் தரும். குழுவின் முழுப் பெயரையும் அது எந்த அமைப்பின் கிளை என்பதையும் முதல் நாளே கேளுங்கள். நேர்மையான ஊழியம் தயங்காமல் சொல்லும். 'வேற சர்ச்சுக்கும் போய்ப் பார்க்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஊழியர் வழி சொல்லி அனுப்புவார். மற்றவர் முகம் மாறும், அல்லது அந்தச் சபை ஏன் தவறு என்று பாடம் தொடங்கும். வாக்குமூலத்தைத் தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கொடுக்க வேண்டாம், யார் கேட்டாலும். இரண்டு வாரத்தில் ஞானஸ்நானம் என்று அவசரப்படுத்தினால், வீட்டில் பேசிவிட்டு அடுத்த செமஸ்டரில் சொல்கிறேன் என்று நிறுத்துங்கள். முதல் வருடம் குழு உறுப்பினர்களோடு சேர்ந்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்; பின்னால் குழுவை விட நினைத்தால் வீட்டையும் விட வேண்டிவரும்.

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. முழுநேர மாணவராக இருப்பது அந்த விசாவின் நிபந்தனை. இளநிலையில் அது செமஸ்டருக்கு 12 கிரெடிட். முதுநிலையில் பல இடங்களில் 9. கூட்டம், வேதபாடம், ஆள் சேர்ப்பு என்று வாரத்தில் ஐந்து மாலை போய், ஒரு பாடத்தை முன் அனுமதியில்லாமல் கைவிட்டால் விசா நிலையே போகலாம். எவ்வளவு அன்பான குழுவாலும் அதைத் திரும்ப வாங்கித் தர முடியாது. பாடத்தைக் கைவிடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். குழுவைப் பற்றிக் கேட்க வளாகச் சேப்பல் அலுவலகத்தில் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் குழுவைப் பற்றி முன்பு புகார் வந்தது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோருக்கு: பிள்ளை இப்படி ஒரு குழுவில் இருப்பது தெரிந்தால் போனில் சண்டை போடாதீர்கள். சண்டை வரும் என்று குழுவே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கும். பழையபடி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். தங்கை, தாத்தா, ஊர்ச் செய்தி பேசுங்கள். பரீட்சை எப்போது, பள்ளி நண்பர்கள் யாரோடு பேசினாய், டிசம்பரில் டிக்கெட் போடட்டுமா என்று கேளுங்கள். கேட்கிற டிக்கெட்டை வாங்கியும் அனுப்புங்கள்.