பேயான பின்னரா பெருமை?

பேய்க்கதை என்றவுடன் இலக்கியம் பயில்வோர் முகஞ்சுளிப்பர். அது தகாது. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலா, பிறர் குருதியைக் குடித்து வாழும் கொடியோன். மலைநாட்டு லயங்களில் பாட்டிமார் சொல்லும் இரத்தக் காட்டேரியும் அவ்வினத்தைச் சார்ந்ததே. ஆயினும் தமிழர்தம் பேய்க்கதைகள் பலவற்றிலே பேய் என்பது நீதி பெறாது மாண்டவரின் மறுவடிவம். ஒரு சமுதாயம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை அதன் பேய்க்கதைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்நோக்கில், 2011-இல் வெளிவந்து நம் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலும் பலர் கண்டு களித்த ‘காஞ்சனா’ திரைப்படத்தின் கதை எனக்கு ஏமாற்றமே அளித்தது. பெற்றோரால் விரட்டப்பட்ட திருநங்கை காஞ்சனா, தன்னைப்போலவே வீடிழந்த கீதாவுக்குத் தாயாகி, அவளை மருத்துவராக்குகிறாள். மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்தை ஓர் அரசியல்வாதி கவர்கிறான், காஞ்சனாவையும் கொல்கிறான். அவள் பேயாகி, பேய்க்கு அஞ்சும் இளைஞன் ஒருவனின் உடலிற் புகுந்து பழிதீர்க்கிறாள்.

காஞ்சனா–கீதா உறவு உருக்கமானது. சரத்குமாரின் நடிப்பும் பாராட்டத்தக்கது. எனினும் அவ்வுறவு கதையின் பிற்பகுதியிற் சிறிது நேரமே வருகிறது. அதற்கு முன்னர், சேலை உடுத்த ஆடவனைக் கண்டு சிரிக்கவே நாம் பழக்கப்படுத்தப்படுகிறோம். மாசித் திங்களில் நம் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தில் மரபாக ஆடவரே இரதியாக வேடம் பூணுவர். காமன் எரிந்தபின் அவ்விரதி புலம்புகையில் சிரிப்பார் எவருமிலர்.

இன்னொரு குறையும் உண்டு. பழையனூர் நீலி கதையை நோக்குக. பேயாகிய நீலி வணிகனைக் கொன்றதோடு அக்கதை முடியவில்லை. அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்து சொற்காத்தனர். அவையும் விடையிறுத்தது. காஞ்சனாவின் கதையிலோ தீயோன் ஒருவன் மாண்டதும் வழக்கு முடிந்தது. அவளை விரட்டிய வீட்டையும் எள்ளிய வீதியையும் வினவுவார் இல்லை. அதன் விளைவை வகுப்பறையிற் கண்டேன். மென்மையாகப் பேசும் மாணவன் ஒருவனைத் தோழர்கள் ‘காஞ்சனா’ என்றழைத்துச் சிரித்தனர். படம் அவர்களுக்குக் கற்பித்தது இரக்கத்தை அன்று, ஒரு பட்டப்பெயரை.

இத்தகையோர் வாழ்வு தமிழில் எழுதப்படாததன்று. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலில் (1994) சுயம்பு என்னும் மாணவன் மேகலையாகிறான். அப்பாத்திரம் உயிரோடு நின்றே நம்மை நாணச் செய்கிறது. காஞ்சனா திரைக்கு வந்த அதே 2011-இல் திருநங்கை அ. ரேவதியின் தன்வரலாறு ‘வெள்ளை மொழி’ தமிழில் வெளிவந்தது. அங்கே பேசுவது ஆவியன்று. நம்மிடையே வாழும் ஒருவர்.

சட்டமும் மெல்ல அசைந்தது. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் திருநர் உரிமையை ஏற்றது. பிறப்புப் பதிவிற் பாலினத்தைத் திருத்த உதவும் சான்றிதழ் 2016-இல் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் தமிழ் இலக்கணம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டும் உயர்திணை முடிபே கொள்ளும் என்றார். அவர்களை ஆண்பாற் சொல்லாற் கூறுதலாகாது என்றும் வேறொரு நூற்பாவில் விலக்கினார். பிற்காலத்துப் பவணந்தியார் நன்னூலில் அஃறிணை முடிபுக்கும் இடந்தந்தார். நாம் அவ்விடத்தையே பற்றிக்கொண்டோம் போலும்!

பேய் ‘வந்தது’ எனப்படும். திருநங்கை ‘வந்தாள்’ எனப்படுவாள். உயிரோடிருக்கையில் அவளுக்கு உரியதான இந்த ஒரு விகுதியை மறுத்துவிட்டு, மாண்டபின் கைதட்டுவதாற் பயனென்ன? மலைநாட்டு இளைய எழுத்தாளர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். கொழுந்துக்கூடை சுமந்து நம் லயத்து வாயிலில் நிற்கும் ஒருத்தியை, அவள் வாழும் காலத்திலேயே உயர்திணையில் எழுதட்டும்.