காஞ்சியும் கன்னட நாடும்: அன்றும் இன்றும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், எட்டாம் நூற்றாண்டில். படையோடு வந்து ஊரைப் பிடித்தவன் அதை அழிக்கவில்லை. அன்று ராஜசிம்மேச்சுரம் என்ற பெயரோடு இருந்த இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அத்தனையையும் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தத் தூண் சொல்வது அதைத்தான்.

இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதேயில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் 642, காஞ்சியை ஆண்ட பல்லவன் மாமல்லன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியை வென்ற ஆண்டு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்தவர்களுக்குச் சாளுக்கியன் என்றாலே பகைவன். தன் முன்னோரின் தலைநகரம் பறிபோன கதை விக்கிரமாதித்தனுக்கும் தெரிந்திருக்கும். பழிதீர்க்கக் காரணமும் இருந்தது, படையும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் அவன் நடந்துகொண்ட விதத்தைப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாவது சொல்ல வேண்டாமா?

இரு நாட்டு உறவு அவனுக்கும் முந்தையது. நான்காம் நூற்றாண்டில் கன்னட நாட்டுத் தாளகுந்தாவிலிருந்து மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன், குரு வீரசர்மனோடு காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலைக்குப் படிக்க வந்தான். வேதம் கற்க வேண்டுமென்றால் காஞ்சி என்று நினைத்த காலம் அது. பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட தகராறில் அவமானப்பட்டவன் தர்ப்பையைப் போட்டுவிட்டு வாளை எடுத்தான். வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கதம்ப அரசு இப்படித்தான் தோன்றியது என்கிறது தாளகுந்தாக் கல்வெட்டு. பிற்காலத்தில் கன்னடத்தை ஆட்சிமொழியாக ஏற்ற பெருமை அந்தக் கதம்பருக்கு உண்டு. அதன் முதல் அத்தியாயம் நம் ஊரில் நடந்திருக்கிறது!

கோயில் கலைக்கு வருவோம். விக்கிரமாதித்தன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக, அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் ஒரு சிவன் கோயில் எழுப்பினாள். இன்று அது விருபாட்சர் கோயில். படிப்படியாய் ஏறும் விமானம், சுற்றிலும் மதில், எதிரே நந்தி மண்டபம் என்று அதைப் பார்க்கும் எவருக்கும் காஞ்சி கைலாசநாதர் நினைவுக்கு வரும். அங்குள்ள கல்வெட்டு சர்வசித்தி ஆசாரியைத் தென்திசைச் சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடக் கலைஞர், என்று போற்றுகிறது. அவர் பிறந்த ஊர் எதுவானாலும், அந்தக் கோயில் கற்ற பாடம் காஞ்சியுடையது. அதே மரபு வடக்கே போய் எல்லோராவில் மலையைக் குடைந்த கைலாசமாக வளர்ந்தது. தோற்ற ஊரின் கலையை வென்ற நாடு வணங்கி ஏற்றுக்கொண்டது. போரைவிட இதுதான் எனக்குப் பெரிய செய்தி. கொடுக்கல் வாங்கல் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் கன்னட நாட்டு ஹம்பியிலிருந்து ஆண்ட கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதருக்கு ராஜகோபுரம் கட்டினார்.

இன்று கொடுப்பவர் மாறியிருக்கிறார்கள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஓடும் பாவும் ஊடையும் பெரும்பாலும் கன்னட மண்ணில் விளைந்த மல்பெரிப் பட்டு. திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் நாட்டில் ஊன்றிய பட்டுப்புழு வளர்ப்பு, கர்நாடகத்தை இந்தியாவின் முதல் பட்டு மாநிலமாக்கியது. ராமநகரத்தின் பட்டுக்கூடு சந்தை ஆசியாவிலேயே பெரியதாகப் பேசப்படுகிறது. அங்கும் சிட்லகட்டாவிலும் வெந்நீர்த் தொட்டிக்குள் கைவிட்டுக் கூட்டின் நுனி தேடி இழை உருவும் பெண்களின் விரல்கள் வெந்து தோலுரியும். அந்த இழையை முறுக்கேற்றி, பசை போக்கி, சாயமேற்றினால்தான் இங்கே கோர்வை போட முடியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் வரிக்கு வரி கோத்துப் பிணைக்க நெசவாளியும் துணையாளும் மாற்றி மாற்றி நாடா வீச வேண்டும். நூல் நைந்தால் அந்த இணைப்பு நிற்காது.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. எல்லையில் வண்டிகள் நின்றன. தண்ணீருக்காகக் கோபப்பட்ட இரண்டு பக்கத்திலும், இந்த நூல் பிழைப்பைப் பற்றிப் பேசியவர்களை நான் பார்க்கவில்லை. ராமநகரத்தில் கூடு விலை ஏறினால் இங்கே சேலையின் அடக்கவிலை ஏறும், விற்பனை தேங்கும், தறிக்காரருக்கு அடுத்த பாவு கிடைக்கத் தாமதமாகும். இரண்டு ஊர் அடுப்பும் அவ்வளவு நெருக்கமாக எரிகின்றன.

அன்றைக்குக் கொடுத்தவன் பெயரும் கட்டியவர் பெயரும் கல்லில் ஏறின. இன்றைக்கு அப்படியில்லை. 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிபுரத்தின் பெயரைக் காக்கிறது, அது நியாயம்தான். சேலையில் தொங்கும் சில்க் மார்க் அட்டை தூய பட்டு என்று சொல்கிறது, அதுவும் தேவைதான். அந்தப் பட்டை உருவிய ஊரை மட்டும் எந்த அட்டையும் சொல்வதில்லை. ராமநகரமோ சிட்லகட்டாவோ, நம் தர்மபுரியோ, நூல் வந்த ஊரின் பெயரைக் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் அட்டையில் அச்சிடத் தொடங்கலாம். ஒரு வரிதான் கூடும்.