பன்னிரண்டு டையோடு... ஒரே தாளம்!

ஊஞ்சலில் தம்பியை உட்கார வைத்து, நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளினால் ஊஞ்சல் ஜோராகப் பறக்கும். இரண்டு பேர் இந்தப் பக்கமும், இரண்டு பேர் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளினால்? நான்கு பேர் வியர்வை சிந்தியும், ஊஞ்சல் நின்ற இடத்திலேயே நிற்கும்!

இதே சிக்கல், மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது.

மைக்ரோவேவ் அடுப்புக்குள் மாக்னெட்ரான் என்ற வெற்றிடக் குழாய் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வாட் சக்தி தரும். ஆனால், அதை இயக்கப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் வேண்டும். 'இம்பாட்' என்ற டையோடும் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும். அதன் சில்லு கடுகை விடச் சிறியது. ஆனால் பாவம், கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்குதான் அலையாக மாறும், மீதியெல்லாம் வெப்பம்! அதிக சக்தி கேட்டால் கருகிவிடும். சரி, பல டையோடுகளைச் சேர்த்தால் என்ன?

இங்கே ஒரு பழைய கதை. 1665ம் ஆண்டு, நெதர்லாந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் உடல்நலமில்லாமல் அறையில் இருந்தார். ஒரே உத்தரத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். எப்படிக் கலைத்துவிட்டாலும், அரை மணி நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன! உத்தரத்தின் மிக மெல்லிய அசைவு, ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்றுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள்... ஒன்று இடப்பக்கம் போனால், மற்றது வலப்பக்கம் போனது.

கடிகாரத்துக்கு அதனால் நஷ்டமில்லை. டையோடுகள் இப்படி எதிரெதிராக ஆடினால், ஒன்றின் அலையை மற்றொன்று அழித்துவிடுமே! டையோடுகள் கூடக்கூட, இப்படித் தப்பாக ஆடும் வழிகளும் கூடும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் குரோகாவா, மகல்ஹேஸ் என்ற இருவர் இதற்கு வழி கண்டனர். ஓர் உலோகப் பெட்டிக் குழாயின் பக்கச் சுவர்களில் 12 இம்பாட் டையோடுகளைப் பொருத்தினர். கடிகாரங்களுக்கு உத்தரம் மாதிரி, இவற்றுக்கு அந்தக் குழாய். ஒவ்வொரு டையோடும் இருந்த சிறு தண்டின் மறுமுனையில், அலையை உறிஞ்சும் ஒரு பொருளையும் வைத்தனர். எல்லா டையோடுகளும் ஒன்றாக ஆடினால், உறிஞ்சிக்குப் போகும் சக்தி மிகக் குறைவு. தாளம் தப்பினாலோ, அந்தச் சக்தியை அது விழுங்கிவிடும். அதனால் தப்புத் தாளம் வளரவே முடியாது! எனக்குப் பிடித்தது இந்தத் தந்திரம்தான்.

1971ல் முடிவை வெளியிட்டனர். விநாடிக்குச் சுமார் 900 கோடி முறை துடிக்கும் அலையில், 10 வாட் சக்தி! அடுப்பில் இட்லி சூடாக்கப் போதாதுதான். ஆனால் அந்தக் காலத்தில், குட்டி டையோடுகளுக்கு அது பெரிய விஷயம்.

பாட்டு வகுப்பில் தாளம் தட்டும் மெட்ரோநோம் கருவிகள் இரண்டு கிடைத்தால், நீங்களே சோதிக்கலாம். இரண்டு காலி டின்களைப் படுக்க வைத்து, மேலே லேசான பலகை ஒன்றை வையுங்கள். ஒரே வேகம் வைத்த இரு கருவிகளையும் அதன் மேல் நிறுத்தி, முன்னே பின்னே தட்டிவிடுங்கள். சில நிமிடங்கள் கழித்துப் பாருங்கள்... ஒரே பக்கம் ஆடுகின்றனவா, ஹைகன்ஸ் கடிகாரம் போல எதிரெதிராகவா?