அதீத தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு... புற்றுநோயாளிகள் அலட்சியப்படுத்தக் கூடாத கால்சியம்!

சிறுசேரி ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் பலருக்குப் பெற்றோர் சொந்த ஊரில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், "அப்பாவுக்கு ஒரே தாகம்... சாப்பாடு இறங்கலை, சம்பந்தமில்லாம பேசுறார்" என்று ஊரிலிருந்து போன் வரலாம். 'கீமோ கொடுத்தா அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருக்கலாம்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பற்களிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருந்தால் இயல்பு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் இந்த அளவைக் காக்கிறது.

சில புற்றுநோய்க் கட்டிகள் இந்த ஹார்மோனைப் போலவே 'வேஷம் போடும்' ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. இப்படி ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-லேயே சந்தேகித்தார். அது கண்டுபிடிக்கப்பட்டதோ 1987-ல்தான். அந்தப் புரதம் எலும்பைக் கரைத்து, கால்சியத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. சிறுநீர் வழியே அது வெளியேறுவதையும் குறைக்கிறது. நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களில் இது நடக்கலாம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போதும், மல்டிபிள் மைலோமாவிலும் எலும்பு நேரடியாகவே அரிக்கப்படுகிறது.

கால்சியம் ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். உடலில் நீர் வற்றும். நீர் வற்றினால் சிறுநீரகத்தால் கால்சியத்தை வெளியேற்ற முடியாமல், அது இன்னும் ஏறும். வாந்தியும், ஓ.எம்.ஆர். பக்கத்துக் கோடை வெயிலும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். மலச்சிக்கல், தசைச் சோர்வு, தூக்கக் கலக்கம் எனத் தொடங்கி, கவனிக்காவிட்டால் கோமா வரை கொண்டுபோய்விடும்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். கால்சியத்துடன் அல்புமின், கிரியாட்டினினும் பார்ப்பார்கள். அல்புமின் குறைந்திருந்தால், மொத்த கால்சியம் 'நார்மல்' போலத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

சிகிச்சையின் முதல் படி, சலைன் ஏற்றுவது. அடுத்து, எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் ஆசிட் போன்ற ஊசி. இதன் முழுப் பலன் தெரிய சில நாள்கள் ஆகும். கூடவே புற்றுநோய்க்கான சிகிச்சையும் தொடர வேண்டும்.

பாலும் கேழ்வரகும் சாப்பிட்டதால் வந்த பிரச்னை அல்ல இது. ஆனால், கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளோ பி.பி. மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பேச்சில் குழப்பம் தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்!